இரவுக் காவலருக்கு எந்தச் சிறுநீர்பெருக்கி? இதயச் செயலிழப்பு நோயாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நோயாளியும் வருகையும்

இதயச் செயலிழப்பால் ஓராண்டுக்குள் மூன்றாவது முறையாக வார்டில் சேர்க்கப்பட்ட ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. அவர் இன்னாரென்று தெரியவரக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. வயது 63. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் நெடுங்காலம் பால்மரம் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் குலை வெட்டியவர். மாரடைப்புக்குப் பிறகு பாரவேலை கூடாதென்று சொல்லப்பட்டதால், செம்பனை ஆலையின் வாயிலில் இரவு ஜாகாவாக, அதாவது காவலராக, வேலை செய்கிறார். மாலை ஏழு மணிக்குப் போனால் காலை ஏழு மணிக்குத்தான் மாற்று ஆள் வருவார். இந்த நேரக்கணக்கைத் தொடக்கத்திலேயே சொல்வதற்குக் காரணம், அவருடைய மருந்துத் தேர்வில் பாதி இதைச் சார்ந்தே அமைந்தது என்பதுதான்.

வந்தபோது அவரால் படுக்க முடியவில்லை. வீட்டில் பகல் உறக்கத்தையும் நாற்காலியில் சாய்ந்தபடியே கழித்திருக்கிறார். முந்தைய முறை வீடு திரும்பியபோது 64.2 கிலோவாக இருந்த எடை 71.4 கிலோவாகியிருந்தது. இரத்த அழுத்தம் 108/68, நாடித்துடிப்பு 92, ஆக்ஸிஜன் அளவு 93 விழுக்காடு. கழுத்துச் சிரை புடைத்திருந்தது. நுரையீரல்களின் அடிப்பகுதியில் நீர்ச்சத்தம் கேட்டது. முழங்கால் வரை விரல் பதியும் வீக்கமும் வயிற்றில் நீர்க்கோவையும் இருந்தன. ஈப்போ நகர மருத்துவமனையில் எடுக்கப்பட்ட எக்கோவில் (இதய ஒலி அலைப் படம்) இதயத்தின் வெளியேற்ற விகிதம் 30 விழுக்காடு. சோடியம் 133, பொட்டாசியம் 3.6, கிரியேட்டினின் 142 (வழக்கமாக 118 அளவில் இருக்கும்). சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 48. நீரிழிவும் உண்டு.

முதல் பார்வையில் எழும் முடிவு, அவர் எடுத்துவந்த சிறுநீர்பெருக்கியான ஃபுரோசமைட் இனி இவருக்கு வேலை செய்யவில்லை, வேறொன்றுக்கு மாற்ற வேண்டும் என்பதே. அந்த முடிவுக்கு வருமுன் மருந்து எங்கே தோற்றது என்று பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த ஆய்வில் நான் வலியுறுத்த விரும்புவது. சிறுநீர்பெருக்கி பலனளிக்கவில்லை என்று சொல்லும்போது அது வாய்க்குள் போகவில்லையா, குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகவில்லையா, இரத்தத்திலிருந்து சிறுநீரகக் குழலுக்குள் போகவில்லையா, அல்லது குழலுக்குள் போயும் சிறுநீரகம் வேறிடத்தில் உப்பை மீட்டுக்கொள்கிறதா என்பது தெரியாமல் அடுத்த மாத்திரையை எழுதக்கூடாது.

மருந்துப் பையில் தெரிந்தவை

அவர் மருமகள் மருந்துகளை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மருந்து வரலாற்றை வாய்வழி கேட்பதைவிட அந்தப் பையைக் கட்டிலின் மேல் கொட்டிப் பார்ப்பது எப்போதும் அதிகம் சொல்லும். ஃபுரோசமைட் 40 மி.கி., காலையும் மாலையும் ஒவ்வொன்று என்று எழுதியிருந்தது. இரண்டு மாதத்துக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் மிச்சம். மற்றொரு நீர் மாத்திரையான ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி. அட்டைகள் ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல், ரப்பர் வளையம் போட்டபடியே இருந்தன. இதயத்துக்கும் நீரிழிவுக்குமான பெரிண்டோபிரில், பிசோபிரோலால், ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டட்டின், மெட்ஃபோர்மின் ஆகியவை ஒழுங்காகக் குறைந்திருந்தன. பையின் அடியில் பெயர் எழுதாத சிறு உறையில் டைக்ளோஃபெனாக் 50 மி.கி. வலிமாத்திரைகள் சில கிடந்தன.

ஆக, அவர் பொதுவாக மருந்தைத் தவிர்ப்பவர் அல்லர். குறிப்பிட்ட இரண்டை மட்டுமே விட்டிருக்கிறார். இரண்டுக்கும் அவரிடம் காரணம் இருந்தது.

ஸ்பைரோனோலாக்டோனைப் பற்றி மருமகள் அருகில் இருந்தவரை அவர் வாய் திறக்கவில்லை. மருமகள் தேநீர் வாங்கப் போனபின் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நெஞ்சு ரெண்டு பக்கமும் வீங்கி வலிச்சுது டாக்டர். சட்டை உரசினாலே தாங்கல. யார்கிட்ட சொல்றது, கூச்சமா இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்.” பரிசோதித்தபோது காம்புகளுக்கு அடியில் இன்னமும் சிறு கட்டிப்பும் வலியும் இருந்தன. இம்மருந்து உப்பைத் தேக்கும் ஹார்மோனான அல்டோஸ்டிரோனைத் தடுப்பதோடு நில்லாமல் ஆண் ஹார்மோனின் ஏற்பியையும் தடுப்பதால் ஆண்களுக்கு மார்பு வீக்கம் வருகிறது. 1999-இல் வெளியான ரேல்ஸ் ஆய்வில் ஸ்பைரோனோலாக்டோன் உட்கொண்ட ஆண்களில் 10 விழுக்காட்டினருக்கு மார்பு வீக்கமோ வலியோ ஏற்பட்டது. வெற்று மாத்திரை உட்கொண்டவர்களில் 1 விழுக்காட்டினருக்கே ஏற்பட்டது. பத்தில் ஒருவருக்கு வரக்கூடிய ஒன்றை மருந்து கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். நம் ஆண்கள் தாமாக முன்வந்து அதைச் சொல்ல மாட்டார்கள்.

ஃபுரோசமைட்டின் கதை வேறு. காலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒன்பது மணிவாக்கில் படுப்பார். வாய்வழி ஃபுரோசமைட் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சத்தை எட்டி, ஆறு மணி நேரத்தில் அடங்கும். இரவெல்லாம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவர் படுத்தவுடன் காலில் தங்கிய நீர் இரத்த ஓட்டத்துக்குத் திரும்புவதால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தமும் கூடுகிறது. மருந்தின் இயல்பைப் பார்த்தால் இது மிகப் பொருத்தமான வேளை. மனிதரைப் பார்த்தால் மிக மோசமான வேளை. அரை மணிக்கொரு முறை எழுந்து போக வேண்டியிருந்ததால் அவருக்குத் தூக்கமே இல்லை. மாலை மாத்திரையோ ஆலைக்குப் போனபின் வேலையைக் காட்டியது. காவல் கொட்டகையிலிருந்து கழிவறைக்கு இருட்டில் நடந்து போக வேண்டும், அந்த நேரத்தில் லாரி வந்தால் வாயிலைத் திறக்க ஆள் இருக்காது. ஆகவே வேலை நாள்களில் மாலை மாத்திரையை அறவே விட்டார். காலை மாத்திரையைத் தூக்கம் தேவைப்பட்ட நாள்களில் விட்டார்.

டைக்ளோஃபெனாக் எப்படி வந்தது என்பதில்தான் மொத்தச் சிக்கலின் முடிச்சு இருந்தது. சில வாரங்களுக்கு முன் வலது பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடிக்கும் வலி வந்திருக்கிறது. தனியார் கிளினிக் ஒன்றில் ஊசி போட்டு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். வார்டில் பார்த்தபோது யூரிக் அமிலம் 612. கௌட் என்னும் இந்த மூட்டுவலிக்கு ஃபுரோசமைட்டே ஒரு காரணம், ஏனெனில் அது யூரிக் அமிலம் வெளியேறுவதைக் குறைக்கிறது. வலிக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக், சிறுநீரகத்துக்குள் இரத்தக் குழாய்களை விரித்து வைக்கும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்து, உப்பைத் தேக்கி, ஃபுரோசமைட்டின் வேலையை மழுங்கடிக்கிறது. பெரிண்டோபிரிலும் சேர்ந்திருக்கும்போது கிரியேட்டினினையும் ஏற்றிவிடுகிறது. வீக்கம் கூடியதும் ஃபுரோசமைட் கூட்டப்படும், யூரிக் அமிலம் மேலும் ஏறும், வலி மீண்டும் வரும். இந்தச் சுழலுக்குள் இருப்பவருக்குச் சிறுநீர்பெருக்கியின் பெயரை மட்டும் மாற்றிப் பயனில்லை.

வார்டில் முதல் இரண்டு நாள்

அவசரப் பிரிவில் ஃபுரோசமைட் 40 மி.கி. சிரைவழி கொடுக்கப்பட்டது. இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சிறுநீரில் சோடியம் 38. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2021 வழிகாட்டுதல், இந்த அளவு 50 முதல் 70-க்குக் கீழே இருந்தாலோ, முதல் ஆறு மணி நேரத்தில் சிறுநீர் மணிக்கு 100 முதல் 150 மில்லிலிட்டருக்குக் குறைந்தாலோ மருந்தை இரட்டிப்பாக்கச் சொல்கிறது. காலைவரை காத்திருந்து எடை பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். 80 மி.கி. கொடுத்தோம், அடுத்த ஆறு மணி நேரத்தில் 1,050 மில்லிலிட்டர் சிறுநீர் பிரிந்தது. சிறுநீரகம் ஃபுரோசமைட்டுக்குப் பதில் சொல்லக்கூடிய நிலையில்தான் இருக்கிறது, இதுவரை போதிய அளவு அதை எட்டவில்லை என்பது அங்கேயே தெளிவாகிவிட்டது.

இதை இன்னும் கொஞ்சம் விளக்க வேண்டும். ஃபுரோசமைட் இரத்தத்தில் ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டு பயணித்து, சிறுநீரகக் குழலின் முற்பகுதியில் குழலுக்குள் சுரக்கப்பட்டு, பிறகு அதே குழலின் நடுப்பகுதியான ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதியில் உட்புறமிருந்து உப்பு மீட்பைத் தடுக்கிறது. குழலுக்குள் அதன் செறிவு ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும்வரை ஏறத்தாழ ஒன்றும் நடப்பதில்லை. எட்டியபின் பலன் வேகமாக ஏறும். ஓர் உச்சத்துக்குப் பிறகு மருந்தை எவ்வளவு கூட்டினாலும் பலன் கூடாது. இதயச் செயலிழப்பிலும் சிறுநீரகக் குறைபாட்டிலும் அந்தத் தொடக்க அளவு உயர்ந்துவிடுகிறது. ஆகவே, தொடக்க அளவை எட்டாத 40 மி.கி.யை இரண்டு வேளை கொடுப்பது இரண்டு முறை வீணாக்குவதாகும். அதே 80 மி.கி.யை ஒரே வேளையில் கொடுத்தால் வேலை நடக்கும். நாளுக்கு எவ்வளவு என்பதைவிட ஒரு வேளைக்கு எவ்வளவு என்பதே இம்மருந்தில் முதல் கேள்வி.

2011-இல் வெளியான டோஸ் ஆய்வு 308 நோயாளிகளிடம், ஃபுரோசமைட்டை விட்டுவிட்டு ஊசியாகக் கொடுப்பதற்கும் தொடர்ந்து சொட்டு சொட்டாக ஏற்றுவதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று காட்டியது. அதனால் இன்ஃப்யூஷன் பம்ப் இல்லாத சிறு மருத்துவமனைக்குக் குறையொன்றும் இல்லை. 80 மி.கி. காலையும் மதியமுமாகத் தொடர்ந்தோம். டைக்ளோஃபெனாக்கை நிறுத்தி, கௌட் வலிக்குச் சிறுநீரகத்துக்கேற்பக் குறைத்த அளவில் கோல்ச்சிசின் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் எழுந்த கேள்வி

எடை 67.8 கிலோவுக்கு இறங்கிய பின் சிறுநீர் குறையத் தொடங்கியது. பொட்டாசியம் 3.2, சோடியம் 131, பைகார்பனேட் 32, மக்னீசியம் 0.62. ஹென்லே வளைவில் தடுக்கப்பட்ட உப்பு அடுத்துள்ள பகுதிக்கு ஓயாமல் வந்து சேர்வதால், அப்பகுதியின் செல்கள் பருத்து உப்பைக் கூடுதலாக மீட்கத் தொடங்குகின்றன. அந்த இடத்தை அடைக்கத் தையசைட் வகை மருந்தைச் சேர்ப்பது பாடநூல் விடை. ஹைட்ரோகுளோரோதையசைட் எங்கள் அலமாரியிலேயே இருந்தது.

சேர்க்கவில்லை. தையசைட் பொட்டாசியத்தை மேலும் இறக்கும், சோடியத்தை மேலும் இறக்கும், யூரிக் அமிலத்தை மேலும் ஏற்றும். இந்த மூன்றும் இவரிடம் ஏற்கெனவே தவறான திசையில் இருந்தன. 2023-இல் வெளியான குளோரோடிக் ஆய்வில் 230 நோயாளிகளிடம் ஃபுரோசமைட்டோடு ஹைட்ரோகுளோரோதையசைட் சேர்த்தபோது எடை கூடுதலாகக் குறைந்தது, ஆனால் சிறுநீரகச் செயல்பாடு கெடுவதும் கூடியது. நாள்தோறும் இரத்தம் பார்க்கக்கூடிய வார்டில் இரண்டு மூன்று நாள் தையசைட் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. வேறு வழியில்லாதபோது கொடுத்திருக்கிறேன். ஆனால் அடுத்த இரத்தப் பரிசோதனைக்குப் பல வாரமாகக்கூடிய தோட்டத்து நோயாளியை இந்தக் கூட்டு மருந்தோடு வீட்டுக்கு அனுப்புவதை எதிர்க்கிறேன்.

2022-இன் அட்வோர் ஆய்வில், பைகார்பனேட்டை வெளியேற்றும் சிறுநீர்பெருக்கியான அசிட்டசோலமைட் 500 மி.கி. சிரைவழி சேர்த்தபோது நீர்த்தேக்கம் முற்றிலும் நீங்கியவர்கள் 42.2 விழுக்காடு, சேர்க்காதபோது 30.5 விழுக்காடு. பைகார்பனேட் ஏறியிருந்த இவருக்கு அது பொருந்தியிருக்கும், ஆனால் சிரைவழி மருந்து கைவசம் இல்லை. ஆகவே மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் முதலில் ஈடுசெய்து, ஃபுரோசமைட்டை வேளைக்கு 120 மி.கி.யாக உயர்த்தி, டாபாகிளிஃப்லோசின் 10 மி.கி. தொடங்கினோம். டாபாகிளிஃப்லோசின் சிறுநீரைப் பெரிதாகப் பெருக்கும் மருந்தன்று. குழலின் முற்பகுதியில் சர்க்கரையோடு சேர்த்துச் சிறிது உப்பையும் வெளியேற்றுகிறது. ஆனால் 2019-இன் டாபா-எச்எஃப் ஆய்வில் 4,744 பேரிடம், இதயச் செயலிழப்பு மோசமாவதையோ இதயநோய் மரணத்தையோ 26 விழுக்காடு குறைத்தது, நீரிழிவுக்கும் உதவும், யூரிக் அமிலத்தையும் சற்று இறக்கும். தையசைட் எந்தக் காரணங்களுக்காக விலக்கப்பட்டதோ, அவற்றில் ஒன்றில் இது நேர்மாறாக நன்மை செய்கிறது. மறுநாளே சிறுநீர் மீண்டும் கூடியது. எடை 63.9 கிலோவில் நின்றபோது கால் வீக்கம் வடிந்து, அவர் தட்டையாகப் படுக்க முடிந்தது. கிரியேட்டினின் 131, பொட்டாசியம் 4.3.

சென்னையிலிருந்து வந்த மாத்திரை

வீட்டுக்கு அனுப்பும் முன்தினம் மகன் ஒரு கேள்வியோடு வந்தார். அவருடைய நண்பர் சென்னை போய்வந்தபோது ஃபுரோசமைட் வகையையே சேர்ந்த டோர்செமைட் 20 மி.கி. அட்டைகள் வாங்கிவந்திருக்கிறார். “அங்க எல்லா டாக்டரும் இதத்தான் எழுதுறாங்களாம். அப்பாவுக்கு மட்டும் ஏன் டாக்டர் இன்னும் பழைய லாஸிக்ஸ்?” என்று, ஃபுரோசமைட்டை அதன் வணிகப் பெயரால் சொல்லி, பணிவாகத்தான் கேட்டார். நியாயமான கேள்வி, முழு விடைக்குத் தகுதியானது.

டோர்செமைட்டுக்கு ஆதரவான வாதம் வலுவானது. வாய்வழி ஃபுரோசமைட்டில் இரத்தத்தை எட்டுவது சராசரியாகப் பாதிதான். அதுவும் ஆளுக்கு ஆள் 10 முதல் 100 விழுக்காடு வரை மாறும். குடல் வீங்கியிருக்கும்போது உறிஞ்சப்படுவது தாமதமாகி, உச்சச் செறிவு தாழ்ந்து, தேவையான அளவை எட்டாமலே போகலாம். டோர்செமைட்டில் 80 விழுக்காட்டுக்கு மேல் எட்டுகிறது. இரத்தத்தில் தங்கும் நேரமும் கூடுதல். வாய்வழி ஃபுரோசமைட் 40 மி.கி.க்கு டோர்செமைட் ஏறத்தாழ 20 மி.கி., அதே வகையின் மற்றொரு மருந்தான புமெட்டனைட் 1 மி.கி. ஈடு. இந்த அடிப்படையில் டோர்செமைட் உயிரையும் காக்கும் என்ற நம்பிக்கை வெகுகாலம் இருந்தது.

அந்த நம்பிக்கையை அமெரிக்காவின் 60 மருத்துவமனைகளில் 2,859 நோயாளிகளிடம் நடந்த டிரான்ஸ்ஃபோர்ம்-எச்எஃப் ஆய்வு சோதித்தது. 2023-இல் வெளியான முடிவில், டோர்செமைட் பிரிவில் 26.1 விழுக்காட்டினரும் ஃபுரோசமைட் பிரிவில் 26.2 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். மீண்டும் மருத்துவமனையில் சேர்வதிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இடையில் சிலர் மருந்தை மாற்றிக்கொண்டது இந்த ஆய்வின் குறை என்பதை ஒப்புக்கொண்டாலும், பெரிய நன்மை ஒன்று மறைந்திருக்கிறது என்று சொல்ல இடமில்லை.

ஆகவே மகனிடம் இவ்வாறு விளக்கினேன்: டோர்செமைட் நல்ல மருந்து, போதிய அளவில், வேளை தவறாமல் ஃபுரோசமைட் எடுத்தும் ஒருவருக்கு நீர் இறங்காவிட்டால், மாற்றிப் பார்க்க அது சரியான காரணம். உங்கள் அப்பா அப்படி எடுக்கவே இல்லை. மேலும், நண்பர் கொண்டுவரும் அட்டை தீர்ந்துபோனால் இங்கே அவர் மருந்தின்றி நிற்பார். இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் நீர் வற்றிச் சிறுநீரகம் கெடும். இந்த இரண்டாவது ஆபத்தை நான் மிகைப்படுத்தவில்லை. பெயர் வேறாக இருப்பதால் வேலையும் வேறு என்று நினைத்து இரண்டையும் விழுங்குவது எளிதில் நடந்துவிடும்.

உயிரைக் காப்பது என்று வரும்போது முதலிடம் பெற வேண்டிய ‘நீர் மாத்திரை’ அவர் ரப்பர் வளையத்தோடு வைத்திருந்த அதே வகைதான் என்பதையும் சொன்னேன். ரேல்ஸ் ஆய்வில் 1,663 பேரிடம் ஸ்பைரோனோலாக்டோன் மரணத்தை 30 விழுக்காடு குறைத்தது. ஃபுரோசமைட்டோ டோர்செமைட்டோ அப்படி எதையும் நிறுவியதில்லை. அவை மூச்சுத்திணறலைப் போக்கி மனிதரை நடமாட வைக்கின்றன, அதுவும் சிறிய காரியமன்று. மார்பு வீங்கி வலித்ததற்காகக் கைவிடப்பட்ட ஸ்பைரோனோலாக்டோனுக்குப் பதில், அதே வகையில் ஆண் ஹார்மோன் ஏற்பியை ஏறத்தாழத் தொடாத எப்லெரினோன் கொடுக்கலாம். 2011-இன் எம்ஃபசிஸ்-எச்எஃப் ஆய்வில் 2,737 பேரிடம் அது இதயநோய் மரணத்தையோ இதயச் செயலிழப்புக்காகச் சேர்க்கப்படுவதையோ 37 விழுக்காடு குறைத்தது. விலை கூடுதல் என்பதால் ஈப்போ இதயநோய்ப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்து அங்கிருந்து 25 மி.கி. தொடங்க ஏற்பாடு செய்தோம்.

நேரத்தை முடிவு செய்தது

அளவு முடிவானபின் நேரத்தை அவரோடு உட்கார்ந்து பேசினோம். காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒரு மணிவரை தூங்குகிறார். மாலை ஆறரைக்குப் புறப்படுகிறார். ஆகவே ஃபுரோசமைட் 80 மி.கி. ஒரே வேளையாக மதியம் ஒன்றரைக்கு. ஐந்து மணிக்குள் பெரும்பகுதி நீர் பிரிந்துவிடும். தூக்கமும் கெடாது, வாயிலும் ஆளின்றிக் கிடக்காது. மாத்திரை போட்டபின் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுத்திருந்தால் இன்னும் நல்லது என்று சொன்னோம். மருந்துச் சீட்டில் “காலை, மாலை” என்று அச்சடித்தாற்போல் எழுதுவது பகலில் வேலை செய்து இரவில் தூங்குபவருக்காக எழுதப்படுவது. வேலை நேரத்தைக் கேட்காமல் சிறுநீர்பெருக்கியின் வேளையை எழுதக்கூடாது.

மருந்து அடங்கியபின் சிறுநீரகம் உப்பை இறுகப் பிடித்துக்கொள்ளும் நேரம் ஒன்று உண்டு. அவருக்கு அது இரவு வேலை நேரத்தில் வருகிறது. அந்த நேரத்தில்தான் கொட்டகையில் வெந்நீர் ஊற்றி இன்ஸ்டண்ட் மீயை (நூடுல்ஸ்) சூப்போடு குடித்திருக்கிறார். 2022-இன் சோடியம்-எச்எஃப் ஆய்வில் 806 பேரிடம் உப்பைக் கடுமையாகக் குறைத்ததால் மரணமோ மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை. அதனால் உப்பில்லாச் சோறு சாப்பிடச் சொல்லி அவரை வாட்ட நான் விரும்பவில்லை. மீ பொட்டலம், கருவாடு, கிச்சாப் (சோயா சாறு) ஆகிய மூன்றை மட்டும் வேலை நாள்களில் விடச் சொன்னோம். மருமகள் சப்பாத்தி கட்டித் தருவதாகச் சொன்னார். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதை வாங்க வேண்டாம் என்று தனியே எச்சரித்தோம்: அதில் பொட்டாசியம் குளோரைட் இருக்கிறது, எப்லெரினோனோடும் பெரிண்டோபிரிலோடும் சேர்ந்தால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். நாள்தோறும் இளநீர் குடிப்பதற்கும் அதே எச்சரிக்கைதான்.

எடைக் கருவி ஒன்றை வாங்கி, கோயிலில் கொடுத்த நாள்காட்டியில் மருமகள் எடையை எழுதிவந்தார். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் கிளினிக்கை அழைக்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்து சாப்பிட முடியாமல் போனால் ஃபுரோசமைட், டாபாகிளிஃப்லோசின், எப்லெரினோன் மூன்றையும் நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும். மூட்டு வலித்தால் டைக்ளோஃபெனாக் உள்ளிட்ட வலிமாத்திரைகளையும் ஊசிகளையும் மறுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளக் கொடுத்தோம், ஏனெனில் அடுத்த கிளினிக்கில் அவருடைய வரலாறு யாருக்கும் தெரியாது.

தொடர் கண்காணிப்பு

எப்லெரினோன் தொடங்கி ஒரு வாரத்தில் பொட்டாசியம் 4.6, நான்கு வாரத்தில் 4.8. ஐந்தரையைத் தாண்டினால் அளவைப் பாதியாக்குவது, ஆறைத் தாண்டினால் நிறுத்துவது என்று குறித்து வைத்திருந்தோம், தேவைப்படவில்லை. காம்புகளுக்கு அடியில் இருந்த வலி முற்றிலும் நின்றது. கௌட் அடங்கியபின், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினோல் 100 மி.கி. தொடங்கினோம்; முதல் சில வாரங்களில் தோலில் தடிப்பு வந்தால் அன்றே நிறுத்த வேண்டும் என்று மருமகளிடமும் சொல்லப்பட்டது.

மூன்றாம் மாதம் எடை 63.5 கிலோ, கிரியேட்டினின் 124, வீக்கம் இல்லை, எழுந்து நிற்கும்போது சற்றுத் தலைசுற்றல். ஃபுரோசமைட்டை 40 மி.கி.யாகக் குறைத்தோம். தேக்கம் நீங்கியபின் சிறுநீர்பெருக்கியைப் பழைய அளவிலேயே விட்டுவைத்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து, உயிர் காக்கும் மற்ற மருந்துகளைக் கூட்ட இடமில்லாமல் போகும். குறைத்து இரண்டு வாரத்தில் எடை 63.8-இல் நின்றது, தலைசுற்றல் போனது, இரத்த அழுத்தம் 114/70. அந்த இடைவெளியில் பிசோபிரோலாலை 2.5 மி.கி.யிலிருந்து 3.75 மி.கி.க்கு உயர்த்தியிருக்கிறோம், பெரிண்டோபிரிலுக்குப் பதில் இதயச் செயலிழப்புக்கான கூட்டு மருந்தான சக்குபிட்ரில்-வல்சார்ட்டன் தொடங்குவதா என்பதை ஈப்போவில் அடுத்த எக்கோ பார்த்தபின் முடிவு செய்வார்கள்.